அத்தை வீடா, டவுன் ஹோட்டலா, ஹோம்ஸ்டேயா, ஈப்போவா? சுங்கை சிப்புட்டுக்கு ஜோடியாக வருகிறவர்களுக்கு

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். போன மாதம் சிவகங்கையிலிருந்து என் பெரியப்பா பேரன் போன் பண்ணினான். கல்யாணமாகி ஏழு மாதம். "அத்தை, நாங்க ரெண்டு பேரும் மலேசியா வர்றோம். கொள்ளுத்தாத்தா ரப்பர் பால் வெட்டுன தோட்டத்தைப் பார்க்கணும். நாலு நாள் உங்க ஊர்லதான்." அதுவரைக்கும் சந்தோஷம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தங்குறதுக்கு ஹோட்டல் ஏதாவது பார்க்கவா அத்தை? தப்பா நினைக்காதீங்க. அவளுக்குக் கொஞ்சம் கூச்சம்."

"எங்க வீடு இருக்க ஹோட்டலா?" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எந்த அத்தையும் அதைத்தான் சொல்வாள். போனை வைத்த பிறகுதான் அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஊர், முன்பின் பார்த்திராத முப்பது சொந்தக்காரர்கள், நடுவில் ஏழு மாதப் புருஷன்.

இவன் ஒருவன் மட்டுமில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சென்னைப் பிள்ளைகள் இரண்டு பேர், இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள், இதையே கேட்டார்கள். தோழி மகள் லண்டனிலிருந்து வெள்ளைக்கார மாப்பிள்ளையோடு வரும்போது கேட்டாள். கேட்கிறவர்கள் எல்லோரும் நான்கு வழிகளுக்கு நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: உறவினர் வீடு, டவுனில் சின்ன ஹோட்டல், முழு வீட்டை வாடகைக்கு எடுக்கும் ஹோம்ஸ்டே, இல்லையென்றால் பக்கத்து நகரமான ஈப்போவில் தங்கிப் போய் வருவது. நானே ஓர் அத்தை என்பதால் இந்த வழக்கில் நான் நடுநிலை இல்லை. இருந்தாலும் என் வீட்டுக்கு எதிராகவும் சாட்சி சொல்கிறேன்.

## எதை வைத்து நிறுக்கலாம்

விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். நான் பார்ப்பது ஐந்து.

கதவு: இரவில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிகிற அறை உண்டா? ஊர்க் கண்: நீங்கள் எங்கே போனீர்கள், எப்போது வந்தீர்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வண்டி: கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? காசு: ரசீதில் வருவது, ரசீதில் வராதது என்று இரண்டு உண்டு. கடைசியாக, வந்த காரியம். கொள்ளுத்தாத்தாவின் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பார்க்கத்தான் வந்தீர்களா, தேனிலவுக்கு வந்த இடத்தில் சொந்தத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தீர்களா? இந்தக் கேள்விக்குப் புருஷனும் பெண்டாட்டியும் விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரே பதிலுக்கு வந்துவிட வேண்டும். வந்து இறங்கிய பிறகு என் சமையலறையில் நின்று கிசுகிசுத்துச் சண்டை போட்டால் எனக்கும் கேட்கும்.

## சட்டம் எவ்வளவு, பயம் எவ்வளவு

"முஸ்லிம் நாடாச்சே, கல்யாணச் சான்றிதழ் இல்லாம ரூம் தர மாட்டாங்களாமே?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் வந்ததில்லை.

கல்வத் என்று ஒரு குற்றம் இருக்கிறது. கணவன் மனைவியாகவோ, மணம் செய்துகொள்ள முடியாத நெருங்கிய உறவாகவோ இல்லாத ஆணும் பெண்ணும் சந்தேகம் வரும்படி தனித்திருப்பது. அது ஷரியா சட்டம், முஸ்லிம்களுக்கு மட்டும். மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம் உண்டு. கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி 3,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். (வெள்ளி என்றால் ரிங்கிட்தான். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.) இந்து ஜோடியையோ கிறிஸ்தவ ஜோடியையோ இந்தச் சட்டம் தொடாது, கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும்.

இருவரில் ஒருவர் முஸ்லிம் என்றால் கதை மாறும். தமிழ் முஸ்லிமுக்கும் அதே சட்டம்தான், வெளிநாட்டு முஸ்லிமுக்கும் அதேதான். அப்படிப்பட்ட ஜோடிகள் நிக்காஹ் சான்றிதழின் நகலைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். மற்றவர்களுக்கு அவசியம் இல்லை என்றாலும் கல்யாணச் சான்றிதழைப் படம் எடுத்துப் போனில் போட்டு வைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. மலேசிய முஸ்லிம்களின் அடையாள அட்டையான ஐசியில் 'இஸ்லாம்' என்று அச்சிட்டிருக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டில் மதமே இருக்காது. சோதனைக்கு வருகிற மத இலாகா அதிகாரி முகத்தைப் பார்த்து மதத்தைக் கண்டுபிடிக்க முடியாது, கேட்கத்தான் செய்வார். படம் இருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

வெளியிடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதில் மதம் பார்க்க மாட்டார்கள். கையைக் கோத்து நடந்தால் யாரும் கேட்பதில்லை. கட்டிப்பிடிப்பதும் முத்தமும் வேறு. 2003இல் கோலாலம்பூர் கேஎல்சிசி பூங்காவில் முஸ்லிம் அல்லாத ஒரு ஜோடி மேல் மாநகர் மன்றத் துணைச் சட்டத்தின்படி வழக்கு வந்தது. அந்த விதி செல்லும் என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் விஷயம் நீதிமன்றம் வரை போகாது. மார்க்கெட் பக்கம் நீங்கள் தோளில் கை போட்டு நடந்தால், வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் படம் அத்தையின் வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கும். அவ்வளவுதான் தண்டனை.

ஒரே பாலின ஜோடிகளுக்கு மட்டும் இப்படி வேடிக்கையாகப் பேச முடியாது. குற்றவியல் சட்டத்தின் 377ஆம் பிரிவுகள் எல்லா மதத்தவருக்கும் உண்டு. 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. இரண்டு கட்டில் போட்ட அறையை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் யாரிடமும் எதையும் விளக்காமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

ஆக, பெரும்பாலான ஜோடிகளைக் கட்டிப்போடுவது சட்டம் அல்ல, சொந்தபந்தம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே பாருங்கள்.

| | கதவு | ஊர்க் கண் | கார் இல்லாமல் | ரசீதில் வருவது | ரசீதில் வராதது |
|---|---|---|---|---|---|
| அத்தை வீடு | இருந்தாலும் மூட முடியாது | முழுசாக | அத்தை வீட்டு வண்டி உண்டு | ஒன்றுமில்லை | புடவை, பலகாரம், நேரம், தூக்கம் |
| டவுன் ஹோட்டல் | உண்டு, சத்தம் உள்ளே வரும் | படியிறங்கும்போது | நடந்தே போகலாம் | இருப்பதிலேயே குறைவு | அத்தையின் கோபம் |
| ஹோம்ஸ்டே | மூன்று அறை, மூன்று கதவு | பக்கத்து வீட்டார் | சிரமம் | இரண்டு பேருக்கு அதிகம் | முன்பணம், வீட்டு விதிகள் |
| ஈப்போ | உண்டு | கிடையாது | ரயில் நேரத்தைப் பொறுத்தது | நடுத்தரம் | போக்குவரத்து, அரை நாள் |

## அத்தை வீடு

இதில் இரண்டு வகை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. தோட்டத்துக்குள் கம்பெனி கொடுத்த வீடு ஒன்று, டவுன் ஓரத்துத் தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பு) கடன் கட்டி வாங்கிய சொந்த வீடு இன்னொன்று.

தோட்டத்து வீட்டில் என் தங்கச்சி இருக்கிறாள், அவள் புருஷனுக்கு லோரி ஓட்டும் வேலை. நுழைவாயிலில் தடுப்புக் கட்டையும் ஜாகாவும் (காவலாளி) உண்டு. பெயர், கார் எண் எழுதிக் கொடுக்க வேண்டும். தனியார் நிலம், உள்ளே யாரைத் தெரியும் என்று கேட்பார்கள். வீடும் கம்பெனியுடையது என்பதால், வெளியூர் விருந்தாளி நாலு நாள் தங்கினால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பாள். இரவு வெகு நேரம் கழித்துத் திரும்பினால் அவள் புருஷன் கைலியோடு வாசல் வரை வந்து நின்று அழைத்துப் போக வேண்டியிருக்கும்.

அந்த வீட்டில் இரண்டாவது அறைக்குக் கதவு இல்லை. நீலப் பூப்போட்ட திரைதான். ஸ்பிரிங் கம்பியில் கோத்து, இரண்டு பக்கமும் ஆணியில் மாட்டியிருக்கும். மின்விசிறியை மூன்றில் வைத்தால் அந்தத் திரை உள்ளே ஒரு முழம், வெளியே ஒரு முழம் என்று மூச்சு விடும். கல்யாணமான புதிதில் என் தங்கச்சி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். திரையின் இரண்டு ஓரத்திலும் ஊக்குக் குத்தி, கீழே தொங்கும் துணியின் மேல் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி வைத்துவிடுவாள். மாமியார் காலையில் உலை வைக்க அரிசிப் பையைத் தேடி வரும்போதுதான் விடிந்துவிட்டது என்று தெரியுமாம்.

தாமான் வீட்டில் கதவு இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்கு ஒரு விலை உண்டு. வீட்டில் நல்ல அறை ஒன்றுதான், அது அத்தையும் மாமாவும் படுக்கிற அறை. அதை உங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவர்கள் ஹாலில் மெத்தை போட்டுப் படுப்பார்கள். நள்ளிரவில் நீங்கள் பாத்ரூமுக்குப் போக மாமாவின் காலைத் தாண்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். நானே கேட்க மாட்டேன். தூக்கமும் குறைவு. நான் தோட்டத்தை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் விடிகாலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பெரட்டுக்கு (விடிகாலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) எழுந்து பழகிய வீட்டில் வளர்ந்த உடம்பு. ஐந்து மணிக்குச் சட்னி அரைக்கும் சத்தம் கேட்டால் அது நான்தான்.

இதையெல்லாம் விட ஜோடிகளுக்கு உறைக்கிற ஒன்று இருக்கிறது. அத்தை வீட்டில் நீங்கள் ஜோடியாகவே இருக்க மாட்டீர்கள். மாப்பிள்ளையை மாமாக்கள் போர்ட்டிகோவுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். பெண்ணை நாங்கள் சமையலறைக்கு இழுத்துக்கொள்வோம். என்ன படித்தாள், தாலிக்கொடி எத்தனை பவுன், மெட்டி ஏன் போடவில்லை, "ஏதும் விசேஷம் உண்டாம்மா?" என்று ஏழாம் மாதத்திலேயே ஆரம்பித்துவிடுவோம். மூன்றாம் நாள் புருஷனும் பெண்டாட்டியும் என் வீட்டு வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் அன்றைக்கு முதல் வார்த்தை பேசிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இலவசம் என்றும் நினைக்காதீர்கள். ஒரு வீட்டுக்குப் போனால் அஞ்சு வீட்டுக்குப் போக வேண்டும். அஞ்சு வீட்டுக்கும் புடவை, வேட்டி, பலகாரம் என்று ஊரிலிருந்தே பெட்டி கனத்துவிடும். பதிலுக்கு எங்கள் ஆட்கள் புதுப் பெண் கையில் அங்பாவ் என்ற பண உறையைத் திணிப்பார்கள் என்பதால் கணக்கு ஓரளவு நேராகும். நேரம் மட்டும் நேராகாது. ஒரு வீட்டுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம், சாப்பிடாமல் விட மாட்டார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: கொள்ளுத்தாத்தாவைத் தேடி வருகிறவர்களுக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை. தோட்டத்துக்குள் உங்களை விடுவது உள்ளே இருக்கிற சொந்தம்தான். பழைய லயம் எங்கே இருந்தது, பால் மரத்தைச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டது எந்தப் பக்கம், மாரியம்மன் கோயிலுக்கு அப்போது தர்மகர்த்தா யார் என்று சொல்லத் தெரிந்த கிழவர்கள் சாயந்திரம் அத்தை வீட்டு வாசலில்தான் வந்து உட்காருவார்கள். ஹோட்டல் வரவேற்பறைக்கு அவர்கள் வர மாட்டார்கள்.

## டவுன் ஹோட்டல்

கடைத்தெரு மாடியில் இருக்கும் சின்ன ஹோட்டல்கள். அறை இரவுக்கு நூறு வெள்ளிக்கு உள்ளேதான் பெரும்பாலும். சாவிக்கு முன்பணம் கேட்பார்கள், காலி செய்யும்போது திருப்பித் தருவார்கள். வெளிநாட்டுக்காரர் என்றால் அறைக்கு, இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி தனி. 2017இலிருந்து இருக்கிறது, மலேசியர்களுக்குக் கிடையாது. பெரிய ஹோட்டலில் அது கண்ணுக்குத் தெரியாது. எண்பது வெள்ளி அறையில் எட்டில் ஒரு பங்கு. இருவர் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பதிவு செய்வார்கள், முஸ்லிம் அல்லாத ஜோடியிடம் கல்யாணச் சான்றிதழ் கேட்டு நான் பார்த்ததில்லை.

சாப்பாடு, ரயில், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை எல்லாம் நடக்கிற தூரம். காலையில் கீழே இறங்கி மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாயும் தே தாரே டீயும் இரண்டு பேராக உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் மூன்றாவது ரொட்டியைத் தட்டில் போட மாட்டார்கள். இந்தச் சுகம் கொஞ்சநஞ்சமில்லை.

இதில் நான் சூடுபட்ட கதை ஒன்று உண்டு. சில வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு வந்த தம்பதிக்கு நானே ஒரு ஹோட்டலில் அறை போட்டுக் கொடுத்தேன். சுத்தமான அறை, மண்டபத்துக்குப் பக்கம். அந்த ஹோட்டல் அறைகளை மணிக்கணக்கிலும் விடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியாது போலிருக்கிறது. மறுநாள் காலை பட்டுப்புடவையும் பூவுமாக அந்தப் பெண் படியிறங்கி வந்ததை எதிர்க் கடையிலிருந்து எங்கள் பெரியம்மா பார்த்துவிட்டார். கல்யாணப் பந்தியில் சாம்பார் வருவதற்கு முன்னால் அந்தச் செய்தி வந்துவிட்டது. பாவம், அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரை காரணம் தெரியாது. எல்லோரும் ஏன் தன்னை அப்படிப் பார்த்தார்கள் என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருப்பாள்.

அதனால் விலை, படம், நட்சத்திரம் எல்லாவற்றையும் பார்த்த பிறகு ஹோட்டல் பெயரை உள்ளூர் ஆள் ஒருவரிடம் சொல்லி முகத்தைப் பாருங்கள். போனில் என்றால் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள். "ம்ம்... அதுவா..." என்றால் வேறு பாருங்கள். கீழே கரோக்கே இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா என்று குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு ஒரு இரவு, இரண்டு இரவு வருகிறவர்களுக்கு இதுதான் சரி. அந்த நேரத்தில் அத்தை வீட்டில் ஏற்கெனவே பதினைந்து பேர் படுத்திருப்பார்கள், ஹோட்டல் என்றால் அவளே உள்ளுக்குள் நிம்மதியாவாள்.

## ஹோம்ஸ்டே

பெயரில் ஒரு குழப்பம். சுற்றுலா அமைச்சில் பதிவு செய்த ஹோம்ஸ்டே என்பது பெரும்பாலும் கம்பம் என்ற மலாய்க் கிராமத்தில் மலாய்க் குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்குவது. அங்கே குடும்ப ஒழுங்குப்படிதான் இருக்க வேண்டும். பன்றி இறைச்சி, மது வீட்டுக்குள் வரக்கூடாது, கல்யாணமாகாத ஜோடிக்கு ஒரே அறை கேட்பது மரியாதையில்லை. ஊரில் பொதுவாக 'ஹோம்ஸ்டே' என்று பலகை மாட்டியிருப்பது வேறு: தாமானில் காலியாக இருக்கும் முழு வீட்டை நாள் வாடகைக்கு விடுவது. இந்த இரண்டாவதைத்தான் இங்கே பேசுகிறேன்.

இதிலும் வீட்டுக்காரர் யார் என்பதைப் பொறுத்து விதி மாறும். முஸ்லிம் வீட்டுக்காரர் என்றால் சமையலறையில் பன்றியும் மதுவும் கூடாது என்பார், சிலர் முஸ்லிம்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். நம் ஆட்கள் வீடு என்றால் சாமி மேடை இருக்கும், சில வீட்டில் கறி சமைக்க விட மாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு கோழியை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று பயனில்லை.

இரண்டு பேருக்கு மூன்று அறை வீடு எதற்கு? ஹோட்டலைப் போல இரண்டு மடங்கு கொடுத்து இரண்டு அறையைச் சும்மா பூட்டி வைப்பீர்கள். சில இடத்தில் இரண்டு இரவுக்குக் குறைந்து தர மாட்டார்கள், முன்பணமும் உண்டு. தாமானுக்குள் பஸ் வராது, கிராப் டாக்ஸி கூப்பிட்டால் காத்திருக்க வேண்டும். காரை வாடகைக்கு எடுக்கிற எண்ணம் இருந்தால் இந்திய லைசென்ஸோடு இன்டர்நேஷனல் பெர்மிட்டும், டோலுக்கு டச் அண்ட் கோ அட்டையும் வேண்டும்.

அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிற ஜோடிக்கு மட்டும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெரியவர்களுக்குக் கஞ்சி வைக்க அடுப்பு, துணி காயப்போடக் கொடி, ஜோடிக்குக் கடைசி அறை. சொந்தக்காரர்கள் உங்களைப் பார்க்க வருவார்கள், நீங்கள் ஐந்து வீட்டுக்கு ஏறி இறங்க வேண்டாம். காபி போட்டுக் கொடுக்கிற வேலை மட்டும் உங்கள் தலையில்.

## ஈப்போவில் தங்கிப் போய் வருவது

எங்கள் ஊரிலிருந்து தெற்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். கூட்டரசு ஒன்றாம் சாலையில் நேராகப் போனால் வந்துவிடும். இடிஎஸ் மின்சார ரயில் சுங்கை சிப்புட்டில் நிற்கும், ஆனால் எல்லா ரயிலும் இல்லை. கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் அட்டவணையைப் பார்த்து நேராகவே எங்கள் ஊரில் இறங்கலாம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஈப்போவில் தங்கினால் தினமும் அந்த அட்டவணைக்கு ஏற்ப நடக்க வேண்டும். சாயந்திரம் கிழவர்கள் கதை சூடுபிடிக்கிற நேரத்தில் நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். ரயிலை விட்டுவிட்டால் கிராப்தான். ஈப்போவில் கூப்பிட்டால் உடனே வரும், எங்கள் ஊரில் இரவு பத்து மணிக்கு அதே அவசரத்தில் வரும் என்று நம்பாதீர்கள்.

மற்றபடி ஜோடிகளுக்கு ஈப்போதான் சொர்க்கம். லகாட் ரோட்டுப் பக்கம் லிட்டில் இந்தியா, கல்லுமலை முருகன் கோயில், பழைய டவுன் சந்துகள், வெள்ளைக் காபி. கையைக் கோத்து நடக்கிற ஆயிரம் பேரில் நீங்களும் ஒருவர். தைப்பூசத்தை ஒட்டி மட்டும் வராதீர்கள், கல்லுமலைக் கூட்டத்தில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும்.

சிலர் கோலா கங்சாரில் தங்கலாமா என்று கேட்கிறார்கள். அழகான அரச நகரம், ஆனால் ஜோடியாகத் தங்குவதற்கு நான் சொல்ல மாட்டேன், இரவில் செய்ய ஒன்றுமில்லை. பகலில் கட்டாயம் போங்கள். 1917இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசலுக்குக் கையும் காலும் மூடிய உடுப்போடு போங்கள். 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் அங்கே வேலி கட்டி நிற்கிறது. நம் பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது இந்த மரம்தான் என்று சொல்லி, என் பெரியப்பா பேரனை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பதாக இருக்கிறேன்.

## யாருக்கு எது

கல்யாணமாகாத ஜோடிக்குத் தயக்கமே இல்லாமல் ஈப்போ. பகலில் வாருங்கள், சோறு போடுகிறேன். அக்கம்பக்கத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் முன்கூட்டியே எனக்கும் சொல்லிவிடுங்கள், நீங்கள் ஒன்றும் நான் ஒன்றும் சொல்லக்கூடாது. வெள்ளைக்கார மாப்பிள்ளையோடு வந்த தோழி மகளுக்கும் முதலில் ஈப்போ என்றுதான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, தோட்டத்து வீட்டில்தான் படுப்பேன் என்றார். அரிசிப் பையைத் தூக்கி வைத்தது அவரேதான். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தாலும் எங்கள் தோட்டத்தில் சரிதான்.

புதிதாகக் கல்யாணமாகி நாலு நாள் வருகிறவர்கள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இரவு அத்தை வீடு, கடைசி இரண்டு இரவு ஈப்போ. வரிசையை மாற்றாதீர்கள். ஈப்போவில் தங்கிவிட்டு அப்புறம் வந்தால், "ஊரெல்லாம் சுத்திட்டு மிச்ச நேரத்துக்கு எங்க வீடா?" என்று வரும். அது மட்டுமில்லை, கடைசியில் அத்தை வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன நாளில் கிளம்பியதாகச் சரித்திரமே இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இப்போது விசா இல்லாமல் 30 நாள் தருகிறார்கள், அத்தைகளுக்கு அது நன்றாகத் தெரியும். மலேசியா வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பும்போது முதல் தங்குமிடமாக அத்தை வீட்டு முகவரியைப் போடுங்கள், அஞ்சல் குறியீடு 31100. "எங்க அட்ரஸ்தான் கவர்மெண்டுலயே குடுத்திருக்கான்" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஈப்போ ரயில் டிக்கெட்டை வருவதற்கு முன்பே வாங்கிவிட்டு, முதல் நாளே அத்தையிடம் காட்டிவிடுங்கள். "ஹோட்டலுக்குப் போறோம்" என்றால் சண்டை வரும், "டிக்கெட் எடுத்தாச்சு" என்றால் வராது. அச்சடித்த டிக்கெட்டுக்கு எங்கள் தலைமுறை பெரிய மரியாதை வைத்திருக்கிறது. நேரத்தை மட்டும் ஒரு மணி முன்தள்ளிச் சொல்லுங்கள். பதினொரு மணி ரயில் என்றால் பத்து. முறுக்கை மைலோ டின்னில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, "இது அவளுக்கு மட்டும், நீ தொடாதே" என்று உங்கள் பெண்டாட்டி கையில் கொடுப்பதற்கு எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும்.